அங்குலத்தில் வரைந்து மில்லிமீட்டரில் அறுத்த அலமாரி

கேள்வி:
சுவர் மாடத்துக்குள் பொருத்துவதற்காக ஐந்து தட்டு அலமாரி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். மாடத்தை அங்குலத்தில் அளந்து நானே போட்ட படத்தில் தட்டின் நீளம் 36 அங்குலம் 2 நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) என்று வந்தது. அறுக்கும்போது டேப்பின் மறுபக்கம் கண்ணில் பட்டதால், அங்குலத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் என்ற மனக்கணக்கில் ஐந்தையும் 90.6 சென்டிமீட்டருக்கு அறுத்துவிட்டேன். கூட்டி வைத்துப் பார்த்தால் சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிறது. அது போதாதென்று, முக்கால் அங்குலப் பலகை என்று எண்ணிப் பக்கப் பலகைகளில் தட்டு செருக 19 மில்லிமீட்டர் அகலத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுத்திருந்தேன்; வாங்கிய பிளைவுட் 18 மில்லிமீட்டராக இருப்பதால் தட்டுகள் காடிக்குள் ஆடுகின்றன. படம் முழுவதையும் மில்லிமீட்டருக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீருமா?

பதில் 1:
பாதிதான் தீரும். ஓர் அங்குலம் என்பது சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று 1959இல் வரையறுக்கப்பட்டது; நீங்கள் விட்ட 0.4 மில்லிமீட்டர் 36 முறை சேர்ந்துதான் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. காடியில் நேர்ந்தது வேறு வகைப் பிழை. முக்கால் அங்குலம் 19.05 மில்லிமீட்டர் என்ற கணக்கில் தவறே இல்லை. கையில் இருந்த பலகைதான் அந்தத் தடிமனில் இல்லை. ஆகவே பலகையின் தடிமனை வெர்னியரில் (நுட்பமாக அளக்கும் கருவியில்) அளந்த பிறகு காடி எடுங்கள், அல்லது அதே பலகையின் துண்டு ஒன்றைக் காடிக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டே அகலப்படுத்துங்கள். மாடத்துக்கு எண்ணே வேண்டாம்: இரண்டு குச்சிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து, இரு முனைகளும் சுவரைத் தொடும்வரை நகர்த்தி, ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் கோடு போட்டுக்கொண்டால் அதுவே அளவு.

பதில் 2:
பலகை குறைந்தால் தெரிந்துவிடும், போல்ட்டு அப்படியல்ல. 5/16 அங்குலப் போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர் என்பதால் 8 மில்லிமீட்டர் நட்டு அதன்மேல் முதல் ஓரிரு சுற்று இணக்கமாகவே ஏறும். மறையின் (திருகு வரிகளின்) இடைவெளி போல்ட்டில் 1.41, நட்டில் 1.25 மில்லிமீட்டராக இருப்பதால் அதன்பின் இறுகிவிடும். அந்த இறுக்கத்தை நன்றாகப் பிடித்துவிட்டது என்று நினைத்து ஸ்பானரால் அழுத்தித்தான் நான் மறையைக் கெடுத்தேன். இரண்டு வகைப் போல்ட்டுகளையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள்.

பதில் 3:
குழாய் வேலை செய்பவர்களுக்கு ஒரு சொல்: அரை அங்குலக் குழாய் என்பது அளவன்று, பெயர். அதன் வெளி மறையை அளந்தால் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர் வரும். அதை 12.7 என்று மாற்றி எழுதிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
குச்சிகளை வைத்துப் பார்த்தேன். மாடத்தின் மேல் அகலத்துக்கும் கீழ் அகலத்துக்கும் 4 மில்லிமீட்டர் வேறுபாடு இருக்கிறது. நான் கீழே மட்டும்தான் அளந்திருந்தேன். தட்டுகளை ஒவ்வொன்றாக, அதனதன் உயரத்தில் குச்சி வைத்து மறுபடி அறுக்கப்போகிறேன்.