மறு: காம்பிடன்சிக்குத் தமிழ் என்ன? ‘இன்னும் இல்லை’ என்று சொல்ல வருகிறதா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். கல்வியில் ‘காம்பிடன்சி’ (competency) என்கிறார்களே, அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டு இந்த இழையைத் தொடங்கிவிட்டு நானே காணாமல் போய்விட்டேன். மன்னிக்கவும். செய்முறைத் தேர்வு வேலை. திரும்பி வந்து பார்த்தால் இத்தனை மடல்! நேற்று இரவு எல்லாவற்றையும் படித்து முடித்தேன்.

எனக்கு எதற்காக இந்தச் சொல் வேண்டும் என்று முதல் மடலில் ஒழுங்காகச் சொல்லவில்லை. பாதிக் குழப்பம் அதனால்தான் என்று நினைக்கிறேன். வடசென்னையில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் பிரிவுக்கு (உலோகத் துண்டுகளை அரம் போட்டு, வெட்டிப் பொருத்தும் தொழில்) பாடம் எடுக்கிறேன். மூலக்கொத்தளம், காசிமேடு, வியாசர்பாடி, எண்ணூர் என்று சுற்று வட்டாரப் பிள்ளைகள். பட்டறைச் சுவரில் ஒரு பெரிய அட்டவணை மாட்டப் போகிறேன். இடப்பக்கம் பெயர்கள். மேலே வேலைகள்: அரம் போட்டுச் சமதளம் எடுப்பது, மூலமட்டம் வைத்துச் செங்கோணம் பார்ப்பது, வெர்னியரில் 0.02 மில்லிமீட்டர் வரை படிப்பது, துளை போட்டு மரை வெட்டுவது, இப்படி. கட்டங்களுக்குள் மதிப்பெண் வரக் கூடாது. செய்து காட்டியாயிற்று, அல்லது இன்னும் இல்லை. இரண்டே தீர்ப்புதான். காம்பிடன்சி முறை என்று நான் சொல்வது இதைத்தான்.

மதிப்பெண் ஏன் கூடாது என்று ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் பாடத்திட்டத்தில் செய்முறைக்கு 60 விழுக்காடு எடுத்தால் பாஸ், மற்ற பாடங்களுக்கு 33 போதும். பட்டறையில் இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு சதுரத் துண்டை இன்னொரு தகட்டில் வெட்டிய சதுரப் பள்ளத்தில் பொருத்த வேண்டும். பொருத்திவிட்டு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்போம். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் மறுபடி அரம். 60 விழுக்காடு பொருந்திய பொருத்தம் என்று ஒன்று கிடையாது. நூற்றுக்கு 62 வாங்கிய பையன் எதைச் செய்வான், எதைச் செய்யமாட்டான் என்று அந்த 62 யாருக்கும் சொல்லாது. எண்ணூரில் வேலைக்கு எடுக்கிற சூப்பர்வைசருக்கும் சொல்லாது, எனக்கும் சொல்லாது.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> ‘திறன்’ இருக்கும்போது புதுச் சொல் எதற்கு? அரசாணை முதல் பாடநூல் வரை அதுதானே.

திறன் என்பது ஸ்கில்லுக்குப் போய்விட்டது. திறன் மேம்பாடு, திறன் பயிற்சி, திறன் போட்டி. அதைத் திருப்பிக் கேட்டு வாங்க முடியாது. வாங்கினாலும் போதாது. எங்கள் பட்டறையில் ஒரு பையன் சாணை பிடிப்பதில் கெட்டிக்காரன். உளி முனையை அவனைப் போல எடுக்க எனக்கே வராது. ஆனால் கிரைண்டரைப் போடும் முன் கல்லுக்கும் உளியைத் தாங்கும் கட்டைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று பார்க்கமாட்டான். 3 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் உளி உள்ளே இழுபட்டுக் கல்லே வெடிக்கலாம். கண்ணாடியும் போடமாட்டான், நெற்றியில் ஏற்றி வைத்திருப்பான், அழகுக்கு. அவனிடம் திறன் உண்டு. நான் தேடுகிற சொல் எதைக் குறிக்கிறதோ, அது அவனிடம் இல்லை. அறிவு, கைப்பழக்கம், பொறுப்பு மூன்றும் சேர்ந்து, உண்மையான வேலையில், ஆள் பார்க்காதபோதும் வெளிப்பட வேண்டும்.

பேராசிரியர் ஐயா மொழியியலாளர் சாம்ஸ்கியைக் கொண்டு வந்தார். 1965இல் சாம்ஸ்கி பிரித்த பிரிவில் காம்பிடன்ஸ் என்பது பேசுபவனுக்குள் உறைந்திருக்கும் மொழியறிவு, வெளியே பேசிக் காட்டுவது வேறு. எங்களுக்கு நேர் தலைகீழ். வெளியே செய்து காட்டாதது கணக்கிலேயே வராது. ஆகவே மொழியியலுக்கு ஒரு சொல், கல்விக்கு ஒரு சொல் என்று இருக்கட்டும், ஐயா. கோப்புகளில் ‘உரிய அதிகாரி’ என்று எழுதுவதும் அதே ஆங்கிலச் சொல்லுக்குத்தான் (காம்பிடன்ட் அத்தாரிட்டி). அதற்காக நம் பையன்களை உரிய பையன்கள் என்றா சொல்கிறோம்?

யாழ்ப்பாண நண்பரின் மடல்தான் என்னை நிறைய யோசிக்க வைத்தது.

> எங்கட நாட்டில இதுக்குச் சொல் எப்பவோ வந்திட்டுது. 2007 சீர்திருத்தத்தில இருந்து ஆசிரியர் வழிகாட்டி எல்லாத்திலயும் ‘தேர்ச்சி’, ‘தேர்ச்சி மட்டம்’ எண்டுதான் இருக்கு. நீங்கள் ஏன் மறுபடி முதலில இருந்து தொடங்குறியள்?

கேள்வி நியாயம். பதினைந்து ஆண்டுக்கு மேல் ஒரு நாட்டின் வகுப்பறைகளில் புழங்கிய சொல்லைத் தள்ளிவிட்டு நாம் தனியாகக் கடை போடுவது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அங்கே பாஸ் ஆவதற்குச் ‘சித்தி’ என்கிறார்கள், அதனால் தேர்ச்சி காலியாக இருந்தது. இங்கே தேர்ச்சி என்றாலே பாஸ் என்றுதான் காதில் விழும். பத்தாம் வகுப்பு முடிவு வருகிற காலையில் தெருமுனை டீக்கடையில் எல்லார் வாயிலும் அந்தச் சொல். 35 வாங்கினால் தேர்ச்சி. எந்த நோயிலிருந்து தப்பிக்க இந்த முறைக்கு வருகிறோமோ அந்த நோயின் பெயரையே மருந்துக்கு வைத்தது போல் ஆகிவிடும். தகைமையும் அப்படித்தான். அங்கே ‘தேசிய தொழில் தகைமை’ என்று சான்றிதழுக்கு ஆகிவிட்டது. தகுதி இங்கே கல்வித்தகுதி. இரண்டையும் விட்டுவிடுவோம்.

அதனால்தான் ‘கைதேர்ச்சி’ என்று முன்மொழிந்தேன். கைதேர்ந்த கொத்தனார், கைதேர்ந்த மெக்கானிக் என்று எல்லோரும் சொல்கிறோம். ஈழத்துத் தேர்ச்சியும் உள்ளே இருக்கிறது. பாஸ் வாடை இல்லை. (‘கைதேர்ந்த கொள்ளையன்’ என்று செய்தித்தாள் எழுதுவதாக ஒருவர் கிண்டல் செய்தார். எழுதட்டுமே. அவனுக்கும் அது கைதேர்ச்சிதான்!)

இதற்குக் கொருக்குப்பேட்டை டீச்சர் அம்மா எழுதிய பதிலை அப்படியே ஒட்டுகிறேன்:

> ‘கை’ என்று தொடங்குகிற எதையும் எங்கள் பிள்ளைகள் தலையில் கட்டாதீர்கள், தம்பி. கை இவர்களுக்கு, மூளை வேறு யாருக்கோ என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார்கள். 1953ஐ நாங்கள் மறக்கவில்லை.

அம்மா, நானும் மறக்கவில்லை. தொடக்கப் பள்ளியை மூன்று மணி நேரமாகச் சுருக்கி, மிச்ச நேரம் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்று ராஜாஜி கொண்டு வந்த திட்டம் அது. குலக்கல்வி என்று பெயர் வாங்கி, 1954இல் காமராஜர் முதல்வரானதும் ஒழிந்தது. ஆறாம் வகுப்பிலிருந்தே தொழில் அறிமுகம் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொன்னபோது இங்கே முதலில் எழுந்த கேள்வியும் ‘யார் வீட்டுப் பிள்ளைக்கு?’ என்பதுதான். அது கேட்க வேண்டிய கேள்வி. என் அப்பா ஒரு பஞ்சாலையில் தறி மெக்கானிக். ஆலை மூடியபோது இருபத்தைந்து வருட வேலையைச் சொல்ல அவரிடம் ஒரு துண்டுத் தாள் இல்லை. அடுத்து வாட்ச்மேன் வேலைக்குப் போனார். தொழில் தெரிந்திருப்பது மரியாதை ஆகாது என்று நான் வீட்டிலேயே பார்த்தவன்.

ஆனால் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டால், தமிழில் கை என்பது மணிக்கட்டோடு நிற்கிற உறுப்பு இல்லை. கவிதை கைவந்தவர் என்கிறோம். கையறு நிலை என்கிறோம். வகுப்பைக் கையாள்வது என்று நீங்களே போன மாதம் எழுதியிருந்தீர்கள், சாக்பீஸ் பிடித்த கையையா சொன்னீர்கள்? கணக்கிலும் கைதேரலாம், வழக்காடுவதிலும் கைதேரலாம். இந்தச் சொல் எல்லாப் பள்ளிக்கும் போக வேண்டும், பட்டறைக்கு மட்டும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதில் நான் உங்கள் கட்சி.

டீச்சர் அம்மா சொன்ன இன்னொன்று பொன். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது அவர் வகுப்பில் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து, அவரவர் வேகத்தில் ஏணிப்படியில் ஏறினார்களாம். ஒரு படியை முடித்தால் அடுத்த அட்டை. முடிக்காதவன் தோற்றவன் இல்லை, அந்தப் படியில் இருப்பவன். அவ்வளவுதான். 2007இல் மாநிலம் முழுக்கப் போன அந்த முறைக்கு யாரும் காம்பிடன்சி என்று பெயர் சூட்டவில்லை. இப்போது அரசுத் தொடக்கப் பள்ளிகளின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. என்ன அழகான சொற்கள்! எங்கள் பட்டறைக்கும் அதையே வைக்கலாமா என்று ஒரு நிமிடம் ஆசை வந்தது. அரும்பு மீசையோடு நிற்கிறவனிடம் ‘நீ இன்னும் அரும்புதாண்டா’ என்று சொன்னால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்து விட்டுவிட்டேன்.

ஆனால் அந்த ஏணிப்படிதான் எனக்கு ஒரு சோதனையைக் காட்டியது. இந்த இழையில் எல்லோரும் சொல்லை உடன்பாட்டில்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த முறையின் உயிர் எதிர்மறையில் இருக்கிறது. தேறாதவனைப் பார்த்து ‘தோல்வி’ என்று சொல்லாமல் ‘இன்னும் இல்லை’ என்று சொல்ல வேண்டும். நாளைக்கு வரும், மறுபடி செய் என்பது அந்த ‘இன்னும்’ என்ற சொல்லில் இருக்கிறது. ஆகவே எந்தச் சொல்லானாலும் முதலில் அதை எதிர்மறையில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

சொல்லிப் பார்த்தேன். வகுப்பில், பையன்களிடம். ‘உனக்கு இது இன்னும் கைதேரவில்லை’ என்றேன். பின் வரிசையில் ஒரே சிரிப்பு. ‘சார், தேறலன்னு நேராவே சொல்லிடுங்க சார்!’

எழுத்தில் தேர் வேறு, தேறு வேறு. எங்கள் ஊர் வாயில் சின்ன ‘ர’வும் பெரிய ‘ற’வும் ஒன்றுதான். ‘நீயெல்லாம் தேறமாட்ட’ என்று கேட்டே வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். வீட்டில் கேட்டார்கள், பள்ளியில் கேட்டார்கள். நான் உட்கார்ந்து உருவாக்கிய சொல் அதையே இன்னொரு முறை சொல்கிறது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் அவர்களையே கேட்டேன். ஒரு வேலை சரியாக வராதபோது நீங்கள் என்ன சொல்வீர்கள்? காசிமேட்டுப் பையன் ஒருவன் இருக்கிறான். விசைப்படகு டீசல் இன்ஜினின் சத்தத்தைக் கேட்டே இன்ஜெக்டரில் கோளாறு என்று சொல்லிவிடுவான், பணிமனைக் கணக்கில் மட்டும் திணறுவான். அவன்தான் சொன்னான்: ‘கை வந்துடுச்சும்போம். இல்லன்னா, இன்னும் கை வரல சார்.’

இதைத்தான் நான் அகராதிகளில் தேடிக்கொண்டிருந்தேன். கைவந்தது; இன்னும் கைவரவில்லை. யாரையும் சுடாது. அது வந்து சேராததன் குற்றம், இவன் குற்றம் இல்லை என்பது போல ஒரு ஒலி.

உடனே பெயர்ச்சொல்லையும் ‘கைவரல்’ என்று ஆக்கி, அட்டவணைக்கு மாதிரி அச்சடிக்கக் கொடுத்தேன். ‘கைவிரல் அட்டவணை’ என்று வந்தது. அச்சுக்கடைத் தம்பியைக் குறை சொல்லவில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் படிப்பார்கள். போதாததற்கு, பேச்சில் ‘கைவரல்’ என்று சொன்னால் கைவரவில்லை என்றே காதில் விழுகிறது. ‘கைவரவு’ என்றால் மேசைக்கு அடியில் வாங்குகிற சமாச்சாரம் போலத் தொனிக்கிறது.

ஆகவே என் இப்போதைய நிலை இதுதான். ஆவணங்களுக்கும் பாடத்திட்டத்துக்கும் பெயர்ச்சொல் ‘கைதேர்ச்சி’. செயல்வழிக் கற்றல் போலவே ‘கைதேர்ச்சிவழிக் கற்றல்’. ஒவ்வொரு வேலையும் ஒரு ‘கைதேர்ச்சி அலகு’. பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போதும் கட்டத்துக்குள் எழுதும்போதும் வினைச்சொல்: ‘கைவந்தது’, ‘இன்னும் கைவரவில்லை’, பக்கத்தில் தேதி. பெயரும் வினையும் வேறு வேறு வேரிலிருந்து வருகின்றனவே என்று பேராசிரியர் ஐயா கேட்பார், தெரியும். மருத்துவமனைப் பலகையில் பிரசவம் என்று எழுதுகிறோம், வீட்டில் குழந்தை பிறந்தது என்கிறோம். தமிழ் இதைத் தாங்கும்.

ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது. பள்ளிக்கு வெளியே பழகிய தொழிலைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு, 2013இல் அறிவித்த தேசியத் திறன் தகுதிச் சட்டகத்தில் இடம் இருக்கிறது. காசிமேட்டுப் பையனுக்கும் என் அப்பா மாதிரி ஆட்களுக்கும் தேவைப்படுவது அதுதான். ‘முன்கற்றல் ஏற்பு’ என்று எழுதிப் பார்த்தேன். கற்றல் என்றதும் பள்ளிக்கூட வாடை வந்துவிடுகிறது. படகில் பழகியதை யாரும் கற்றது என்று சொல்வதில்லை. ‘பழகுதொழில் ஏற்பு’ சரியாக வருமா? டீச்சர் அம்மாவும் யாழ்ப்பாண நண்பரும் கொஞ்சம் பாருங்கள்.

அட்டவணை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். அதற்குப் பிறகு நல்ல சொல் கிடைத்தால் மறு அச்சுச் செலவு என்னுடையது, ஏற்கெனவே ஒரு கைவிரலுக்குக் கொடுத்தாயிற்று.

அன்புடன்,
பிட்டர் வாத்தியார்