உரோமும் கார்த்தேஜும் ஏன் போரிட்டன?

கேள்வி (வெள்ளவத்தை):
உயர்தரத்தில் வரலாறு கற்கும் மகளுக்கு விளக்க முயன்று நானே தடுமாறினேன். முன்னர் உடன்படிக்கைகள் செய்திருந்த இவ்விரு அரசுகளும், அதாவது இத்தாலியின் உரோமும் வட ஆபிரிக்காவின் கார்த்தேஜும், கி.மு. 264இல் மோதியது சிசிலித் தீவின் மெசானா என்ற ஒரு நகருக்காகத்தானா?

மறுமொழி 1:
அந்நகரைக் கைப்பற்றியிருந்த மாமர்த்தினர் என்ற கூலிப்படையினர், அதே தீவிலுள்ள சிரக்கூசு நகரின் ஆட்சியாளன் ஈரோனிடம் தோற்றபின் இரு தரப்பிடமும் உதவி கேட்டனர். முதலில் காவற்படை அனுப்பியது கார்த்தேஜ். ஒடுங்கிய நீரிணைக்கு அப்பால் இத்தாலி இருக்க, மெசானாவில் கார்த்தேஜ் நிலைகொள்வதை உரோம் அஞ்சியது. துறைமுகத்தின் மீது வல்லரசுகள் கண்வைப்பது கொழும்பில் வளர்ந்த நமக்குப் புதிதன்று.

மறுமொழி 2:
ஐயா, அச்சத்தை மட்டும் கூறுவது உரோமருக்குச் சாதகமான விளக்கம். நீரிணையின் இத்தாலியக் கரையிலுள்ள ரேகியம் நகரை மாமர்த்தினரைப் போலவே கைப்பற்றிய தம் படையினரைச் சில ஆண்டுகளுக்கு முன்னரே தண்டித்திருந்ததால், மாமர்த்தினருக்கு உதவ உரோமின் ஆட்சி மன்றமான செனற் சபை தயங்கியது. கொள்ளைப்பொருள் ஆசை காட்டப்பட்ட பின்னர்தான் மக்கள் இசைந்தனர்.

மறுமொழி 3:
இவ்விரு அரசுகளும் பின்னர் புரிந்த இரண்டாம் போரையும் மகளுக்குச் சொல்லுங்கள். கார்த்தேஜ் தன் கூலிப்படையின் கிளர்ச்சியால் தளர்ந்திருந்த வேளையில் உரோம் சார்தீனியாவைப் பறித்து, மேலும் 1,200 தலந்து (பழங்கால எடை அளவு) வெள்ளிப் பணமும் கறந்தது. அதைச் சொல்லாமல் கி.மு. 219இல் கார்த்தேஜின் தளபதி ஹனிபால் ஸ்பெயினின் சகுந்தம் நகரை முற்றுகையிட்டதிலிருந்து தொடங்கினால், பழி முழுவதும் அவன் தலையில் விழும்.