கொல்கத்தாவில் மூன்று இரவு, முதல் பயணம்: எந்தப் பக்கம் ரூம் போடுவது?

வைகைக்கரையான்:

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி கடைசி வாரம் கொல்கத்தா போகிறோம். நான், மனைவி, என் அம்மா. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம், முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு விமானத்தில் போய் இறங்குகிறோம், திங்கள் மதியம் கோரமண்டலில் சென்னைக்குத் திரும்புகிறோம். ஆக, கையில் இருப்பது சனி, ஞாயிறு, அப்புறம் திங்கள் காலை கொஞ்சம்.

அம்மாவுக்கு தட்சிணேஸ்வர், பேலூர் மடம், காளிகாட் மூன்றும் பார்த்தே ஆக வேண்டும். மனைவிக்கு விக்டோரியா மெமோரியல், புடவைக் கடை. எனக்கு காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளும் ஹௌரா பாலமும், முடிந்தால் ஒரு டிராம் பயணமும்.

ரூம் தேடினால் தலை சுற்றுகிறது. ஹௌரா ஸ்டேஷன் பக்கத்தில் மலிவாக நிறைய இருக்கிறது, திங்கட்கிழமை ரயிலுக்கும் சௌகரியம் என்று நினைத்தேன். மனைவி நியூ டவுனில் ஒரு புது ஹோட்டலைப் பார்த்து வைத்திருக்கிறாள், படத்தில் பளபளவென்று இருக்கிறது, விலையும் குறைவு. சடர் ஸ்ட்ரீட்தான் எல்லாவற்றுக்கும் நடு என்று ஒரு நண்பர் சொல்கிறார். ஒரு ரூமுக்கு ஒரு நாளைக்கு மூவாயிரம் வரை போகலாம். எந்தப் பக்கம் போடலாம்?

டிக்கெட்பாபு:

அண்ணே, முதலில் டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். கோரமண்டல் இப்போது ஹௌராவிலிருந்து கிளம்புவதில்லை, ஷாலிமாரிலிருந்துதான். ஷாலிமாரும் ஹூக்ளி ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான், ஆனால் ஹௌரா ஸ்டேஷனிலிருந்து தெற்கே தள்ளி இருக்கிறது, மெட்ரோவும் கிடையாது. ஹௌராவில் ரூம் போட்டாலும் டாக்சி பிடித்துத்தான் போக வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் ஹௌரா என்றால் அதை அப்படியே விட்டுவிடலாம். ஸ்டேஷன் வாசல் நெரிசலில் அம்மாவையும் பெட்டியையும் வைத்துக்கொண்டு தினமும் வெளியே போய்வர வேண்டுமா?

ஊர்சுற்றி சுந்தர்:

உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி, சடர் ஸ்ட்ரீட் போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். இந்தியன் மியூசியம் தெருமுனையில், நியூ மார்க்கெட் பின்னால், பார்க் ஸ்ட்ரீட் நடை தூரம், மைதானத்தைத் தாண்டினால் விக்டோரியா. பார்க் ஸ்ட்ரீட், எஸ்பிளனேட் இரண்டு மெட்ரோ ஸ்டேஷனுக்கும் நடந்தே போகலாம். ராத்திரி பத்து மணிக்கும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும்.

இன்னொரு விஷயம். பக்கத்தில் உள்ள மார்க்விஸ் ஸ்ட்ரீட், மிர்ஸா காலிப் ஸ்ட்ரீட் லாட்ஜ்கள் எல்லாம் பங்களாதேஷிலிருந்து வைத்தியத்துக்கும் துணி வாங்கவும் வருகிறவர்களை நம்பி ஓடியவை. 2024 ஆகஸ்டில் அங்கே ஆட்சி மாறிய பிறகு விசா கிடைப்பது குறைந்து கூட்டம் படுத்துவிட்டது. நேரில் போய்க் கேட்டால் ஆப்பில் காட்டும் விலையைவிடக் குறைத்துத் தருகிற இடங்கள் உண்டு. டிசம்பர் 25-லிருந்து புத்தாண்டு வரை பார்க் ஸ்ட்ரீட் விளக்கு அலங்காரம் பார்க்க ஊரே திரளும், அப்போது விலை ஏறும். நீங்கள் போவது ஜனவரி கடைசி, அந்தக் கவலை இல்லை.

நியூ டவுன் வேண்டவே வேண்டாம். அகலமான சாலை, கண்ணாடிக் கட்டடம், நம்ம ஓஎம்ஆரில் போய்த் தங்கிக்கொண்டு மயிலாப்பூர் பார்க்கக் கிளம்புகிற மாதிரி ஆகிவிடும்.

ராஷ்பிஹாரி மாமி:

தம்பி, நாங்கள் கொல்கத்தாவில் செட்டிலாகி ரொம்ப காலம் ஆயிற்று. சுந்தர் சொல்வது தனியாளுக்கோ நண்பர்கள் கூட்டத்துக்கோ நல்ல யோசனை. நானும் அந்தப் பகுதியைக் குறை சொல்லமாட்டேன், எனக்குப் பிடித்த தெரு அது. ஆனால் முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடாத அம்மாவை அங்கே கொண்டுபோய் வைத்தால் காலை எழுந்ததிலிருந்து கபாப் அடுப்புகளைத் தாண்டித்தான் எங்கேயும் போக வேண்டும். இரண்டு நாளும் அவர் பழமும் பிஸ்கட்டும் சாப்பிட்டே ஓட்டிவிடுவார், உங்களுக்கும் மனசு கேட்காது.

லேக் மார்க்கெட் பக்கம் பாருங்கள். ராஷ்பிஹாரி அவென்யூவில் இருக்கிறது, காளிகாட் மெட்ரோவிலிருந்து கொஞ்ச தூர நடைதான். தமிழர்கள் பல தலைமுறையாக இருக்கிற இடம். தொடுத்த பூ, வாழை இலை, காபிப்பொடி, அப்பளம் எல்லாம் கிடைக்கும். இட்லி, பொங்கல், இலைச் சாப்பாடு போடுகிற சைவ ஹோட்டல்கள் வரிசையாக உண்டு. நம்மூர் ஆட்கள் தங்குகிற சாதாரண லாட்ஜ்களும் கெஸ்ட் ஹவுஸ்களும் உங்கள் பட்ஜெட்டுக்குள் கிடைக்கும். பளபளப்பை எதிர்பார்க்காதீர்கள். சுத்தமான படுக்கை, வெந்நீர், லிஃப்ட் மூன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஜனவரியில் காலை நன்றாகக் குளிரும், கம்பளி கூடுதலாக ஒன்று கேட்டு வையுங்கள்.

சாப்பாட்டுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மேப்பில் விக்டோரியாவையும் நியூ மார்க்கெட்டையும் பார்த்தால் சடர் ஸ்ட்ரீட்தான் நடு. உங்கள் அம்மாவின் மூன்று இடங்களைக் குறித்துப் பாருங்கள், கணக்கு மாறிவிடும். தட்சிணேஸ்வர் நீலத் தட மெட்ரோவின் வடக்குக் கோடி, 2021-லிருந்து மெட்ரோ அங்கே வரை போகிறது. காளிகாட்டில் ஏறி உட்கார்ந்தால் மாறாமல் அங்கேயே இறங்கலாம். ஸ்டேஷன் பக்கத்திலிருந்து கோயில் வரை ஸ்கைவாக் இருக்கிறது, எஸ்கலேட்டரோடு, அதனால் ரோட்டு நெரிசலில் அம்மாவை நடத்த வேண்டாம். அங்கிருந்து பேலூர் மடத்துக்குப் படகு போகிறது. காளிகாட் கோயிலோ உங்கள் ரூமுக்குப் பக்கம், அங்கேயும் 2025-லிருந்து ஸ்கைவாக் வந்துவிட்டது.

எல்லாவற்றையும்விட முக்கியம் மதியம். தட்சிணேஸ்வர், பேலூர், காளிகாட் மூன்று இடத்திலும் மதியம் நடை சாத்திவிடுவார்கள், அந்த நேரத்தில் முழங்கால் வலியோடு அம்மாவை எங்கே உட்கார வைப்பீர்கள்? ரூமுக்குத் திரும்பிச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் படுக்கிற மாதிரி இடம் இருந்தால்தான் சாயங்காலமும் அவர் உங்களோடு வருவார். நியூ டவுனிலிருந்து இதைச் செய்யவே முடியாது. ஷாலிமாருக்கும் எங்கள் பக்கத்திலிருந்து வித்யாசாகர் சேது என்கிற இன்னொரு பாலம் வழியாக டாக்சியில் போய்விடலாம், ஹௌரா பாலத்தின் நெரிசலில் மாட்ட வேண்டாம்.

மனைவிக்கு: ராஷ்பிஹாரி முனையிலிருந்து கரியாஹாட்டுக்கு ஷேர் ஆட்டோ ஓடுகிறது. தாந்த், ஜாம்தானி என்று எந்த வங்காளப் புடவையானாலும் அங்கே பார்க்காமல் நியூ மார்க்கெட்டில் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பேரம் பேச வரும் என்றால் நடைபாதைக் கடை, வராது என்றால் தாகுரியா பக்கம் தட்சிணாபண், அங்கே பல மாநில அரசு எம்போரியங்கள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

நந்தினி கோவை:

மாமி சொன்னதோடு எனக்கு நூறு சதம் ஒத்துப்போகிறது. மாமனார் மாமியாரோடு போனபோது நாங்களும் தெற்குப் பக்கம்தான் தங்கினோம், காலை காபி பிரச்சினை தீர்ந்ததே பெரிய நிம்மதி.

ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. மலிவு என்று படாபஜார் பக்கம் ரூம் காட்டினால் கொஞ்சம் நிதானியுங்கள். 2025 ஏப்ரல் கடைசியில் அங்கே மெச்சுவா பழச் சந்தைக்குள் இருந்த ஒரு ஹோட்டலில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள், அதில் தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா போன ஒரு குடும்பத்துக் குழந்தைகளும் இருந்தார்கள். பெரும்பாலும் புகையில் மூச்சு முட்டித்தான் இறந்தார்கள். அந்த ஒரு பகுதிக்கு மட்டும் சொல்லவில்லை, பழைய கொல்கத்தாவில் எங்கே ரூம் எடுத்தாலும் ஜன்னல் திறக்கிறதா, இரண்டாவது மாடிப்படி இருக்கிறதா, அது பூட்டாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்டியை இறக்குங்கள். ஜன்னல் இல்லாத ரூமை முந்நூறு ரூபாய் குறைத்துத் தருவதாகச் சொல்வார்கள், வாங்காதீர்கள். முடிந்தால் முதல் மாடி, இரண்டாம் மாடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஊர்சுற்றி சுந்தர்:

அம்மா சாப்பாடு விஷயத்தில் மாமி சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புத்தகம், டிராம், ஹௌரா பாலம் என்று கேட்டவர் இவர். ஆசைகளில் பாதி வடக்கிலும் நடுவிலும் இருக்கும்போது தெற்கில் தங்கி தினம் மெட்ரோவில் மேலேயும் கீழேயும் போவது அலுப்பு. பழைய நீலத் தட ஸ்டேஷன்களில் எல்லா வாசலிலும் எஸ்கலேட்டர் இருக்காது, அதையும் சொல்ல வேண்டாமா? எஸ்பிளனேட்டில் ஆபீஸ் நேரத்தில் மாறிப் பாருங்கள், ஹௌராவிலிருந்து சால்ட் லேக் போகிற பச்சைத் தட மெட்ரோவைச் சியால்தா வழியாக முழுசாகத் திறந்த பிறகு அங்கே கூட்டம் தாங்கவில்லை.

வேண்டுமானால் இப்படிச் செய்யலாமே: வெள்ளி ராத்திரி லேட் ஆகிவிடும், ஏர்போர்ட் பக்கத்திலேயே ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் மாறிக்கொள்ளலாம்.

ராஷ்பிஹாரி மாமி:

சுந்தர், வாசல் விஷயத்தைச் சொன்னது நல்லது. தம்பி, ஏறுகிற வாசலைக் கேட்டுவிட்டு எஸ்கலேட்டர் உள்ள பக்கமாகப் போங்கள், அம்மா வரும்போது காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை மெட்ரோவைத் தவிருங்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலே தாமதமாகத்தான் கிளம்பும். அதனால் தட்சிணேஸ்வரைச் சனிக்கிழமை காலை சீக்கிரமே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மூன்று ராத்திரியில் ஹோட்டல் மாறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சனிக்கிழமை காலை, கோயிலுக்குப் போகிற நேரத்தில், பெட்டி கட்டி, பணம் கட்டி, டாக்சி தேடி, புது இடத்தில் ரூம் தயாராகும் வரை காத்திருந்து என்று பாதி நாள் போய்விடும். இருப்பதே இரண்டரை நாள்.

டிக்கெட்பாபு:

புத்தகக்காரருக்கு இரண்டு வரி. காலேஜ் ஸ்ட்ரீட் கடைகள் ஞாயிறு பெரும்பாலும் பூட்டு. விக்டோரியாவின் மியூசியமும் இந்தியன் மியூசியமும் திங்கள் விடுமுறை. ஆகவே சனி சாயங்காலம் காலேஜ் ஸ்ட்ரீட், ஞாயிறு விக்டோரியா. காலேஜ் ஸ்ட்ரீட்டை ஞாயிறும் விக்டோரியாவைத் திங்களும் வைத்தால் இரண்டுமே போச்சு.

அப்புறம் ஜனவரி கடைசி என்றால் கொல்கத்தா புத்தகக் கண்காட்சி நடக்கிற சமயமாக இருக்கும், தேதி பார்த்துக்கொள்ளுங்கள். சால்ட் லேக்கில், பச்சைத் தடத்தில் கருணாமயி ஸ்டேஷன் பக்கத்திலேயே. எஸ்பிளனேட்டில் மாறினால் போய்விடலாம். அதே தடத்தில் எதிர்த் திசையில் போனால் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் ஹௌராவுக்குப் போகும். ஹௌராவில் இறங்கிப் பாலத்தைப் பார்த்துவிட்டு நடந்தே இந்தப் பக்கம் வாருங்கள், பாலம் முடிகிற இடத்தில் கீழே மல்லிக் காட் பூச்சந்தை. டிராம் சில தடங்களில்தான் மிச்சம், எஸ்பிளனேட்டில் விசாரித்து ஏறிக்கொள்ளுங்கள், அதற்காக நேரம் ஒதுக்காதீர்கள்.

வைகைக்கரையான்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன், ஷாலிமார் என்றுதான் போட்டிருக்கிறது, ஹௌரா அதோடு முடிந்தது. அம்மாவிடம் லேக் மார்க்கெட் பற்றிப் படித்துக் காட்டினேன், பூ கிடைக்கும் என்றதும் வேறு எதுவும் கேட்கவில்லை, அங்கேயே போடு என்றுவிட்டார். மனைவிக்கு அந்த பளபள ஹோட்டல் போனதில் கொஞ்சம் வருத்தம், கரியாஹாட் என்றதும் சமாதானம். நான் மட்டும் சனி சாயங்காலமும் ஞாயிறு காலையும் தனியாக மெட்ரோ ஏறி வடக்கே போய்வருவதாக ஒப்பந்தம்.

மாமி, ஒரே ஒரு சந்தேகம். எட்டரைக்கு இறங்கி, பெட்டி எடுத்து வெளியே வர ஒன்பதே கால் ஆகிவிடும். ஏர்போர்ட்டுக்கே மெட்ரோ வந்துவிட்டதாமே, அதில் வரலாமா? அவ்வளவு நேரத்துக்கு லாட்ஜில் ஆள் இருப்பார்களா?

ராஷ்பிஹாரி மாமி:

மெட்ரோ வந்திருக்கிறது, 2025 ஆகஸ்டிலிருந்து. ஆனால் நோவாபாராவில் நீலத் தடத்துக்கு மாற வேண்டும், அந்த நேரத்தில் கடைசி வண்டியைப் பிடிக்க ஓடுகிற வேலை வேண்டாம். வரும்போது கார். ஏர்போர்ட்டிலேயே ப்ரீபெய்ட் டாக்சி கவுண்ட்டர் இருக்கிறது, இல்லை என்றால் யாத்ரி சாதி என்று அரசாங்க ஆப் ஒன்று உண்டு, ஊரில் இருக்கும்போதே போனில் போட்டு வையுங்கள். பைபாஸ் வழியாக வந்தால் ராத்திரியில் ஒரு மணி நேரம் பிடிக்கும்.

சின்ன லாட்ஜ்களில் பதினொரு மணிக்கு வெளிக் கதவைப் பூட்டிவிட்டு ஆள் படுத்துவிடுவார். ரூம் போடும்போதே போன் செய்து இத்தனை மணிக்கு வருவோம் என்று சொல்லுங்கள், விமானம் ஏறுமுன் இன்னொரு தடவை சொல்லுங்கள். ஆப்பில் பணம் கட்டியிருந்தாலும் நேராக லாட்ஜ் நம்பருக்கே பேசுங்கள். மூன்று பேருடைய ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும். திங்கள் எத்தனை மணிக்கு ரூமைக் காலி செய்ய வேண்டும் என்றும் அப்போதே கேளுங்கள். சில இடத்தில் 24 மணி நேரக் கணக்கு, சில இடத்தில் காலை பத்து, பதினொன்று. உங்கள் ரயில் மதியம் என்பதால் பெட்டியையாவது வைத்துக்கொள்வார்களா என்று தெரிந்துவிடும். ராஷ்பிஹாரி அவென்யூவைப் பார்த்த ரூம் கொடுத்தால் பின்பக்கம் கேளுங்கள், காலை ஐந்தரைக்கே பஸ் ஹாரன் ஆரம்பித்துவிடும்.