ஷெட் சுவரெல்லாம் ஈரம், பெட்டிகளில் பூசணம். அவசரம்!

கேள்வி (லெஸ்டர் நகரிலிருந்து, இங்கிலாந்துக்குப் புதுசு):
செப்டம்பரில்தான் குடும்பத்தோடு வந்தோம். வீட்டில் இடமில்லாமல் அட்டைப்பெட்டிகளைத் தோட்டத்து ஷெட்டில் அடுக்கினோம். இன்று திறந்தால் சுவர் நனைந்து கிடக்கிறது. கல்யாணப் பட்டுப்புடவை, சான்றிதழ் எல்லாம் உள்ளே. கேஸ் ஹீட்டர் வைத்தால் காயுமா?

குரோய்டன் அக்கா:
இவ்வளவு சாமான் எதற்குத் தம்பி? நாங்கள் வந்த புதிதில் ஒரே அறையில் நான்கு பேர், சூட்கேஸ்தான் சாப்பாட்டு மேசை. பட்டெல்லாம் அம்மா வீட்டு பீரோவிலேயே இருந்தது.

மில்டன் கீன்ஸ்:
கேஸ் ஹீட்டர் வேண்டவே வேண்டாம். கேஸ் எரிந்தால் நீராவி வரும், ஈரம் கூடும். மூடிய ஷெட்டில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வேறு. இடுக்குகளை அடைத்து டீஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை இழுக்கும் மெஷின்) போடுங்கள்.

ஈஸ்ட் ஹாம்:
அடைக்காதீர்கள்! எதிரெதிர்ச் சுவரில் வென்ட் (காற்றுத் துளை) வையுங்கள்.

மில்டன் கீன்ஸ்:
நவம்பர் காற்றை உள்ளே விட்டா காய வைப்பீர்கள்?

ஹாரோ:
எங்கள் ஓனரிடம் ஈரம் என்றால் ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைக்கச் சொல்கிறார். வாடகை மட்டும் வருஷா வருஷம் ஏறுகிறது.

குரோய்டன் அக்கா:
ஆமாம், நாம் சாம்பார் வைப்பதால்தான் இங்கிலாந்தே நனைகிறது!

லீட்ஸ் (கட்டட வேலை):
சரி, ஷெட் மரமா செங்கல்லா? வாடகை வீடா? வெளிப்பக்கம் சுவரை ஒட்டி என்ன இருக்கிறது?

லெஸ்டர்:
ஒற்றைச் செங்கல், வாடகை. பின்பக்கம் முழங்கால் உயரம் மண் குவிந்திருக்கிறது. சொல்ல மறந்துவிட்டேன்.

லீட்ஸ்:
அப்படியென்றால் முதல் சந்தேகம் அந்த மண்மேல்தான். பொதுவாகத் தரையிலிருந்து சுமார் 15 செ.மீ. மேலே சுவருக்குள் ஈரத்தடுப்பு அடுக்கு இருக்கும். மண் அதைத் தாண்டினால் ஈரம் நேராகச் சுவருக்குள் போகும். கூரைத் தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். சுவரில் ஓரிடத்தைத் துடைத்துக் காயவிட்டு, அலுமினியத் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். ஓரிரு நாளில் தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம், வென்ட் உதவும். உள்பக்கம் நனைந்தால் சுவர் வழியாக வருகிறது. மண்ணை எடுக்காமல் எந்த மெஷினும் பயனில்லை. குளிர் ஷெட்டுக்கு டெசிகன்ட் (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த) வகை டீஹியூமிடிஃபையர்தான் சரி, அதுவும் கதவை மூடி ஓட்ட வேண்டும். உள்ளே நீர்புகாப் பெயிண்ட் அடிக்காதீர்கள், ஈரம் சுவருக்குள்ளேயே தங்கிவிடும்.

இன்றிரவு பெட்டிகளை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். சான்றிதழ்களைத் தனித்தனியாகப் பரப்பி ஃபேன் போடுங்கள், ஹேர் டிரையர் வேண்டாம். புடவையை நிழலில் உலர்த்திப் பூசணத்தை வெளியே வைத்துத் தட்டிவிட்டு டிரை கிளீனரிடம் கொடுங்கள். நீங்களே மண்ணைத் தோண்ட வேண்டாம். அதை எடுக்கச் சொல்லி ஃபோட்டோவோடு ஓனருக்கு மின்னஞ்சல் போடுங்கள். ஒப்பந்தத்தில் ஷெட்டும் சேர்த்தியா என்று முதலில் பாருங்கள்.