165-ன்னா யாரோட 165? (மைக் இல்லாம ஸ்க்வாட் ஆடுறது பத்தி)

சத்தமில்லா சரவெடி:
பக்கத்து இழையில லோகோ வேல் பெருசா எழுதிட்டு போயிருக்காரு: "மைக் இல்லாதவன் ஸ்க்வாடுக்கு லக்கேஜ். எதிரி எங்கன்னு '165'னு காம்பஸ் டிகிரி ஒரு வார்த்தை சொல்ல வக்கில்லாதவன் ரேங்க் மேட்ச் பக்கமே வரக்கூடாது." அங்க பூட்டிட்டாங்க, அதனால இங்க கேக்குறேன். தல, 165-ன்னா யாரோட 165? நாம ஆடுற பிஜிஎம்ஐ (பப்ஜியோட இந்திய மொபைல் கேம்)-ல ஸ்க்ரீன் மேல ஓடுற காம்பஸ் நீ நிக்கிற இடத்துலேர்ந்து காட்டுது. நான் நிக்கிற இடத்துலேர்ந்து இல்ல. மார்க் பட்டனை அழுத்தி, குறி இருக்கற இடத்துல அடையாளம் போட்டா அது தரையில ஒரே இடம். ஸ்க்வாட்ல நாலு பேருக்கும் அதே இடம்தான், மீட்டரும் அவனவன் தூரத்துக்கு வந்துடும். வாயில சொல்றது உன் நம்பர், மார்க் போடுறது எல்லாருக்கும் பொது.

லோகோ வேல்:
வந்துட்டாரு சாரு. 165-ன்னு சொல்ல அரை செகண்ட். மார்க் பட்டன் அழுத்த கட்டை விரலை எடுக்கணும், எடுத்தா ஓட்டம் நிக்கும் இல்ல குறி நிக்கும். அதுக்குள்ள எதிர்ல இருக்கறவன் எம்416 துப்பாக்கி மேகசினை காலி பண்ணிட்டு ரீலோடும் போட்டுடுவான். பெரிய போட்டியில ஆடுற டீம் எல்லாம் டிகிரிதான் சொல்றாங்க. அவங்க எல்லாம் முட்டாளா, நீ மட்டும் அறிவாளியா?

சத்தமில்லா சரவெடி:
அவங்க டிகிரி சொல்றப்போ கூடவே மார்க்கும் விழுது, வேணும்னா ஸ்க்ரீனை பாத்துட்டு வா. இப்ப கணக்குக்கு வா. எதிரி உனக்கு 165-ல, 200 மீட்டர் தள்ளி இருக்கான். நான் உனக்கு இடப்பக்கம் 20 மீட்டர். எனக்கு அவன் ஏறக்குறைய 171-ல தெரிவான். சரி, 6 டிகிரி, சமாளிக்கலாம். அதே ஆளு 50 மீட்டர்ல இருந்தா? வித்தியாசம் 22 டிகிரி. காம்பஸ்ல நம்பர் எழுதியிருக்கறதே 15-க்கு ஒண்ணுதான். நீ 165-ன்னு கத்துற, எனக்கு அவன் தெற்கைத் தாண்டி 187-ல நிக்கிறான். நான் 165-ல இருக்கற மரத்தை பாத்துகினு நிப்பேன், அவன் என் வலது காதுல சுடுவான். கிட்ட வர வர உன் டிகிரி பொய் சொல்லும்.

லோகோ வேல்:
நீ எதுக்கு 20 மீட்டர் தள்ளி நிக்கிற? கூட நில்லு. 165 எனக்கும் 165, உனக்கும் 165.

காசிமேடு கானாங்கெளுத்தி:
கூட நின்னா ஒரே கிரெனேட்ல நாலு பேரும் செத்து லாபிக்கு போலாம், ஷேர் ஆட்டோ மாதிரி 😂

மிண்ட் 1.6:
பசங்களா, நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே இந்த பஞ்சாயத்து முடிஞ்சது. கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6-னு பழைய கம்ப்யூட்டர் துப்பாக்கி கேம், அதுல கீபோர்டுல சி அழுத்தி 2, டீமுக்கு "எனிமி ஸ்பாட்டட்" (எதிரி தெரியறான்)னு ரேடியோ போகும். சி 3 ஆள் வேணும், சி 4 ஏரியா காலி. இசட் 5 என் பின்னாடி வா. எக்ஸ் 2 பின்வாங்கு. மூணு எழுத்து, சில நம்பர், பிரவுசிங் சென்டர்ல ஒருத்தன் கூட வாய் திறக்க மாட்டான்.

லோகோ வேல்:
அண்ணா, "எனிமி ஸ்பாட்டட்"னு வரும், எங்கன்னு வருமா? 1.6-ல இடம் பேரே வராது. அப்புறம் வாய் திறக்கலன்னு சொல்றீங்க, சென்டர்ல பக்கத்து சீட்ல இருந்து "லாங்ல லாங்ல"ன்னு மேப்ல இருக்கற இடத்து பேரை கத்துனது யாரு?

மிண்ட் 1.6:
இடம் தெரியணும்னா ரேடார் பாக்கணும். சொன்னவன் புள்ளி எங்க இருக்குன்னு பாத்தா புரியும். மேப் தெரியாதவனுக்கு டிகிரி கொடுத்தாலும் தெரியாது, மார்க் கொடுத்தாலும் தெரியாது.

சத்தமில்லா சரவெடி:
அண்ணா சொன்னதுல பாதி என் கட்சி. இப்ப மைக் விஷயத்துக்கே வர்றேன். லோகோ போடுறது ப்ளூடூத் இயர்பட்ஸ். மைக் ஆன் பண்ணா அது பாட்டு கேக்குற மோட்லேர்ந்து ஹேண்ட்ஸ்ஃப்ரீ மோடுக்கு மாறும். அப்போ ரெண்டு காதுக்கும் ஒரே சத்தம், தரமும் போன் கால் மாதிரி இறங்கிடும். காலடி இடமா வலமான்னே தெரியாது. அதாவது 165-ன்னு சொல்றதுக்காக மைக் போட்டு, அது 165-ஆ 345-ஆன்னு கேக்குற காதை அடைச்சுக்குற. லேப்டாப்னா இன்புட்டை லேப்டாப் மைக்குக்கு மாத்திட்டா காது ஸ்டீரியோவா நிக்கும். போன்ல பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. வயர் இயர்போன்னா இந்த தொல்லையே இல்ல. அதுவும் பிளக்குல மூணு வளையம் இருக்கணும். ரெண்டு வளையம்னா மைக் இல்லாத மாடல்.

லோகோ வேல்:
என் காதை பத்தி நீ கவலைப்படாத. உன் கட்டை விரலை பத்தி கேட்டேன், பதில் வரல. அரை செகண்ட்.

பேசின்பிரிட்ஜ் பாய்:
நானும் மைக் ஆஃப்தான் அண்ணா. எண்ணூர் ஹைரோடு ஓரத்து வீட்டுல மைக் ஆன் பண்ணா கன்டெய்னர் லாரி ஹாரன்தான் டீம்ல நாலாவது ஆளு. நான் சுவத்துல ரெண்டு குண்டு சுட்டு திசை காட்டுவேன். ஆமான்னா ரெண்டு தடவ குனிஞ்சு எந்திரிப்பேன். இது சரியா?

சத்தமில்லா சரவெடி:
குனிஞ்சு எந்திரிக்கறது நல்லது, சத்தமில்லாதது, பாக்குற தூரத்துல இருந்தா போதும். சுடாத தம்பி. பக்கத்துல எதிரி இருந்தா அவன் மினி மேப்ல நீ சுட்ட திசை அடையாளமா விழும். டீமுக்கு ஒரு தகவல் கொடுக்கப் போய் எதிரிக்கு உன் விலாசத்தை கொடுக்குற.

கட்டை விரல் கேட்டவருக்கு: மார்க் பட்டனை எவன் வலது பக்கம் வெச்சான்? கன்ட்ரோல் செட்டிங்ஸ்ல லேஅவுட்டை திற, மார்க் பட்டனை இடது மேல் மூலைக்கு இழு, சைஸை கூட்டு. இடது ஆள்காட்டி விரல்ல அழுத்து. நாலு விரல் பிடியில ரெண்டு கட்டை விரலும் தன் வேலைய பாக்கும், ஓட்டமும் நிக்காது குறியும் நிக்காது. யுனிவர்சல் மார்க் ஆன்ல இருந்தா கீழ கிடக்குற சாமானையும் அதே பட்டன்ல காட்டலாம். குயிக் சாட்ல (ஒரு தட்டுல டீமுக்கு போற ரெடிமேட் வசனம்) தேவையில்லாத வசனத்தை எல்லாம் தூக்கிட்டு, எதிரி, குண்டு வேணும், வா, நில்லு, இது மட்டும் மேல வெச்சுக்கோ. "ஐ காட் சப்ளைஸ்"ஐ கீழ தள்ளு, அது லாபி காமெடிக்கு.

காசிமேடு கானாங்கெளுத்தி:
சரவெடி, உன் மார்க்கும் ஒண்ணும் தெய்வம் இல்ல. மேட்டு மேல தலை தெரியறவனை குறி வெச்சு அழுத்துனா, குறி நூல் அளவு மேல போச்சுன்னா மார்க் மேட்டைத் தாண்டி பின்னாடி பள்ளத்துல போய் விழுது. 180 மீட்டர்ல இருக்கறவனுக்கு 420 மீட்டர்னு காட்டும். ஜன்னல்ல இருக்கறவனுக்கும் இதே கதை. டீம்ல மூணு பேரும் வெறும் புல்லை சுட்டுகினு இருப்பாங்க.

சத்தமில்லா சரவெடி:
போட்ட உடனே மீட்டரை பாக்கணும்பா. 180 எதிர்பார்த்து 420 வந்தா மறுபடி கொஞ்சம் கீழ போடு, மேட்டு அடிவாரத்துல போட்டாலும் போதும். டிகிரியில தப்பானா தெரியவே தெரியாது, மார்க்ல தப்பு நம்பரா கண்ணு முன்னாடி நிக்குது.

லோகோ வேல்:
அப்போ மார்க் போட்டு, மீட்டர் பாத்து, திரும்ப போட்டு. எத்தன செகண்ட்? நான் 165 சொல்லி முடிச்சு ஆளையும் முடிச்சிருப்பேன். இன்னொண்ணு, உங்க மார்க் மன்னர்கள் பழசை அழிக்கிறதே இல்ல. சண்ட முடிஞ்சு பத்து நிமிஷம் ஆனாலும் மஞ்சள் அடையாளம் அங்கேயே நிக்கும், புதுசா வர்றவன் அங்க எதிரின்னு ஓடுவான். வாய் வார்த்தை காத்துல போயிடும், பழசாகாது.

சத்தமில்லா சரவெடி:
வாய் வார்த்தை காத்துல போகுதுன்னு நீயே ஒத்துக்கினியே, சந்தோஷம். டீம்ல ஒவ்வொருத்தன் மார்க்கும் ஒரு கலர். மஞ்சள்னா ஒண்ணாம் நம்பர் ஆளு, ஆரஞ்சு ரெண்டு, நீலம் மூணு, பச்சை நாலு. யாரு அழிக்கலன்னு கலர்லயே தெரியும். நீ எப்பவும் ரூம் போடுறவன், எப்பவும் மஞ்சள். நான் மேல சொல்ல வேணாம்னு பாக்குறேன்.

லோகோ வேல்:
ஓ, இப்ப அந்த க்ரூப் விஷயத்துக்கு வர்றியா? உன்ன க்ரூப்லேர்ந்து தூக்குனது மைக்குக்காக இல்ல. ஏர் டிராப்ல (பிளேன்லேர்ந்து விழுற பெட்டி) ஏடபிள்யூஎம் ஸ்னைப்பரை எடுத்துட்டு சொல்லாம ஓடுனதுக்கு.

சத்தமில்லா சரவெடி:
எடுக்குறதுக்கு முன்னாடி மார்க் போட்டேன். நீ 165 பாத்துகினு இருந்த.

மிண்ட் 1.6:
கம்ப்யூட்டர்ல ஆடுங்கடா, இந்த விரல் தகராறே இல்ல. வேலரன்ட்னு கம்ப்யூட்டர் கேம்ல இசட் ஒரு தட்டு, பிங், அதாவது உங்க மார்க். அழுத்திப் பிடிச்சா சக்கரம்.

காசிமேடு கானாங்கெளுத்தி:
கம்ப்யூட்டருக்கு காசு நீங்க தருவீங்களா அண்ணா? இங்க பாதி பேர் ஆடுறதே டிஸ்ப்ளே உடைஞ்ச போன்ல.

லோகோ வேல்:
பெரம்பூர் பசங்க எவனும் மார்க் நம்பி ஆடுனதில்ல. திருவொற்றியூர்லதான் இந்த பழக்கம்.

பேசின்பிரிட்ஜ் பாய்:
அண்ணா ஒரு சந்தேகம். நாக் ஆகி (அடிபட்டு, இன்னும் சாகாம) கீழ கிடக்கும்போது மார்க் போட முடியுமா?

சத்தமில்லா சரவெடி:
முடியும். அப்போதான் நீ ரொம்ப முக்கியம். கையில துப்பாக்கி இல்ல, குறி வைக்கிற வேலை இல்ல, உன்ன சுட்டவன் எங்கேர்ந்து சுட்டான்னு உனக்குத்தான் தெரியும். முதல்ல கவர் பக்கம் ஊர்ந்து போ, அப்புறம் மார்க். "ரிவைவ் ரிவைவ்" (என்னைத் தூக்கு)னு குயிக் சாட்டை பத்து தடவ அழுத்தாத, அதுல உன்ன தூக்க வர்றவனும் படுப்பான். லோகோ நாக் ஆனா என்ன பண்ணுவாருன்னு ஊருக்கே தெரியும், மைக்ல ஒப்பாரி.

லோகோ வேல்:
ஞாயித்துக்கிழமை கஸ்டம் ரூம் போடுறேன். மைக் இருக்கறவன் மட்டும் வா. ஐடி, பாஸ்வேர்ட் வாய்ஸ்ல சொல்வேன், இங்க எழுத மாட்டேன்.

சத்தமில்லா சரவெடி:
கேக்குறதுக்கு மைக் எதுக்குடா?

காசிமேடு கானாங்கெளுத்தி:
லோகோ, பாஸ்வேர்ட்ல எட்டா ஏழான்னு தெளிவா சொல்லு, உன் மைக்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்குது.

லோகோ வேல்:
உனக்கும் இடம் இல்ல.