சொற்கணக்கா, உரைக்கணக்கா?

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில் 'word problem' என்கிற, சொற்களால் விவரித்துக் கேட்கும் கணக்குக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சின் தொடர்ச்சி இது. > குறியிட்டவை குழுவில் வந்த கேள்விகள்.

> 'வாக்கியக் கணக்கு' என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியுமே?

புரியும் ஐயா. ஆனால் வாக்கியம் ஏற்கெனவே கணக்கில் வேறு வேலை பார்க்கிறது. வாக்கியப் பஞ்சாங்கத்தில் அது கோள்நிலை எண்களைப் பொதிந்து வைத்த மனப்பாடத் தொடர். போன மடலில் நான் சொன்ன 'சொற்கணக்கு' எனக்கே இப்போது பிடிக்கவில்லை. கட்டுரையில் எத்தனை சொல் என்று எண்ணுவதுபோல ஒலிக்கிறது. 'கதைக்கணக்கு' சின்ன வகுப்புக்கு அழகு, பத்தாம் வகுப்புக்காரன் சிரிப்பான்.

உரைக்கணக்கு என்று வைத்தால் என்ன? உரைநடையில் வரும் கணக்கு என்பது ஒன்று. உரை காண வேண்டிய கணக்கு என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

என்னிடம் டியூஷன் வரும் ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு ஒரு கணக்கு கொடுத்தேன்: "5ஐ ஓர் எண்ணிலிருந்து கழித்தால் 9 கிடைக்கும். அந்த எண் எது?" அவள் 5 − யா = 9 என்று எழுதி, விடை −4 என்று கொண்டுவந்தாள். (அவள் எழுதியது எக்ஸ்தான். தெரியாத எண்ணுக்குக் கணித அறிஞர் பாஸ்கரர் 12ஆம் நூற்றாண்டில் கையாண்ட 'யாவத்தாவத்' என்பதன் சுருக்கம் யா. நம் யாது, யாவை நினைவுக்கு வருவதால் எனக்கு அதன்மேல் ஒரு பிரியம்.) தீர்த்த விதத்தில் ஒரு தப்பும் இல்லை. சமன்பாடுதான் தப்பு. கண்ணில் பட்ட வரிசையிலேயே எழுதிவிட்டாள். தமிழில் எது முன்னால் வருகிறது என்று பார்த்தால் போதாது, 'இலிருந்து' எதில் ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். உருபைக் காட்டினேன். யா − 5 = 9 என்று மாற்றினாள், 14 வந்தது. கணக்கு வகுப்பில் வேற்றுமை உருபு நடத்தியது அன்றைக்குத்தான்!

> உரையைச் சமன்பாடாக மாற்றும் படிக்கு 'சமன்பாடாக்கம்'?

வேண்டாமே. மாவரைப்பதுபோல் ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் வந்துவிடும் என்ற எண்ணத்தைத் தருகிறது. 'சமன்பாடு அமைத்தல்' வகுப்பறையில் ஏற்கெனவே புழங்குகிறது, அதுவே இருக்கட்டும். புதுச்சொல் ஒன்று போதும்.

இலங்கை நண்பர்கள் அங்கே வகுப்பில் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதினால் நல்லது. நாம் இயற்கணிதம் என்பதை அவர்கள் அட்சரகணிதம் என்கிறார்கள். இதற்கும் அவர்களிடம் ஒரு சொல் இருக்கும் என்று நினைக்கிறேன். அது பொருத்தமாக இருந்தால் உரைக்கணக்கை விட்டுவிடலாம்.