விளையாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதிகளை எந்தக் கட்டத்தில் திட்டமிடுவது?

பனைநிழல் எழுதியது:

வணக்கம். நாங்கள் நால்வர் சேர்ந்து கணினிக்கான புதிர் விளையாட்டு ஒன்றை யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் ஓராண்டாக உருவாக்கி வருகிறோம். கைவிடப்பட்ட கலங்கரை விளக்கம் ஒன்றில் சிவப்பு, பச்சை விளக்குகளைச் சரியான வரிசையில் ஏற்றிக் கதவுகளைத் திறப்பதுதான் ஆட்டம். வெள்ளம் புகும் கட்டங்களில் ஒரே பட்டனை விடாமல் வேகமாகத் தட்டித் தப்பிக்க வேண்டும். சென்ற மாதம் விளையாடிப் பார்த்த நண்பர் ஒருவர் இரண்டாம் அறையிலேயே நின்றுவிட்டார். அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும் என்பது, பள்ளிக்காலம் முதல் பழகிவரும் எனக்கே அன்றுதான் தெரிந்தது.

திரை முழுவதற்கும் நிற வடிகட்டி ஒன்றைக் கடைசி மாதத்தில் சேர்த்தால் போதும் என்றும், கதையில் பார்வையற்ற முதியவர் ஒருவர் முக்கியப் பாத்திரமாக வருவதால் எல்லோரையும் உள்ளடக்கும் தன்மை ஏற்கெனவே இருக்கிறது என்றும் குழுவில் இருவர் கருதுகிறார்கள். எனக்கு அதில் நிறைவில்லை. இவ்வளவு சிறிய குழு எதை முதலில் செய்ய வேண்டும்? வசதிகளைக் கூட்டினால் சவால் குறைந்துவிடாதா?

கம்பிவலை எழுதியது:

வடிகட்டியை விட்டுவிடுங்கள். சிக்கல் அந்த இரண்டு விளக்குகளில் இருக்கும்போது, திரையிலுள்ள எல்லா நிறங்களையும் ஏன் மாற்ற வேண்டும்? சிவப்பு விளக்கின் கண்ணாடியில் முக்கோணமும் பச்சையில் வட்டமும் வரைந்துவிட்டால், செட்டிங்ஸில் எதையும் தேட வேண்டிய தேவையின்றி எல்லோருக்கும் புதிர் புரியும். அமங் அஸ் விளையாட்டில் கம்பிகளை இணைக்கும் பணிக்கு, நிறத்தோடு குறியீடுகளையும் பின்னாளில் இப்படித்தான் சேர்த்தார்கள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு நிறப்பார்வைக் குறைபாடு உண்டு என்பதை உங்கள் குழுவினரிடம் சொல்லுங்கள்.

கடைசி மாதத்துக்குத் தள்ளவே கூடாதவை இரண்டு. முதலாவது பட்டன்களை மாற்றியமைக்கும் வசதி: நிரலின் நூறு இடங்களில் விசையின் பெயரை நேரடியாக எழுதியிருந்தால், பின்னர் அந்த நூறு இடங்களையும் திறக்க வேண்டும், 'விளக்கை ஏற்று', 'தாவு' என்று செயல்களுக்குப் பெயரிட்டு, விசைகளை அவற்றோடு தனியே இணைத்திருந்தால் இது சில நாள் வேலைதான். இரண்டாவது எழுத்தின் அளவு. ஒரே அளவுக்கென்று வரையப்பட்ட உரையாடல் பெட்டி, எழுத்து பெரிதானதும் உடைந்துவிடும். (தமிழிலும் வெளியிடுவதாக இருந்தால் இப்போதே சோதித்துவிடுங்கள். யூனிட்டியில் எழுத்துகளைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ, தமிழ் உயிர்மெய்களைத் தானாகக் கோத்துக் காட்டாது. 'கெ' என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.)

சப்டைட்டில் யாருக்குத் தேவை என்று கேட்டால் யூபிசாஃப்ட் என்ற விளையாட்டு நிறுவனம் வெளியிட்ட கணக்கைக் காட்டுங்கள். அதன் அசாசின்ஸ் க்ரீட் ஆரிஜின்ஸ் விளையாட்டில் 60 விழுக்காட்டினர் அதைத் தாமாகவே இயக்கினார்கள். அடுத்து வந்த ஒடிசியில் தொடக்கத்திலிருந்தே இயங்கும்படி வைத்தபோது, 95 விழுக்காட்டினர் அதை அணைக்கவில்லை.

வெள்ளக் காட்சியில் மின்னல் வெட்டினால், நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 விளையாட்டு வெளிவரும் தறுவாயில், வேகமாக மினுங்கும் காட்சி ஒன்றால் விமர்சகர் ஒருவருக்கு வலிப்பு வந்து, பிறகு அந்தக் காட்சியை மாற்றினார்கள்.

செவிவழி எழுதியது:

நான் பிறவியிலேயே பார்வையற்றவன். உங்கள் கதையில் வரும் முதியவரை நான் சந்திக்கவே முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'புதிய ஆட்டம்' என்ற பட்டன் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாதபோது அவர் வரும் அறைக்கு எப்படிப் போவேன்? விளையாட்டே தன் மெனுவைப் பேசினாலன்றி, அல்லது திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடருக்கு எழுத்தாகக் கொடுத்தாலன்றி, அந்தத் திரை எனக்கு வெறும் பின்னணி இசைதான்.

2020இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2இல் 60க்கும் மேற்பட்ட அணுகல் அமைப்புகள் இருந்தன. எனக்கு அந்த எண்ணிக்கையைவிட அவற்றின் பிணைப்புதான் முக்கியமாகப்பட்டது. ஒரு பட்டனை அழுத்தினால் பாத்திரம் போகவேண்டிய திசைக்குத் திரும்புகிறது. குனிய, தாவ, அடியிலிருந்து விலக என ஒவ்வொன்றுக்கும் தனி ஒலி உண்டு. அந்த ஒலிகளை முன்கூட்டியே கேட்டுப் பழக ஓர் அகராதியும் மெனுவில் இருக்கிறது. இவற்றில் ஒன்றை நீக்கினாலும் எனக்கு மற்றவை பயன்படா. 2023இல் வந்த ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட்டில் வளைவுகளையும் சாலையின் விளிம்பையும் ஒலியால் உணர்த்தியதால், பார்வையற்றவர்கள் பந்தயக் காரையே ஓட்டுகிறார்கள்.

இவ்வளவும் செய்வதற்கான பணம் உங்களிடம் இருக்காது, நான் அதைக் கேட்கவும் இல்லை. ஆனால் உங்களுடையது விளக்குகளை வரிசையாக ஏற்றும் புதிர். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு சுரம் கொடுத்தால் அதே புதிர் காதுக்கும் புதிராகிவிடும். கம்பிவலை சொன்ன முக்கோணத்தை வரையும் அதே நாளில் இதையும் முடித்துவிடலாம்.

ஒற்றைக்கை எழுதியது:

விபத்துக்குப் பின் நான் இடக்கையால் மட்டுமே விளையாடுகிறேன். பட்டனை வேகமாகத் தட்டும் கட்டத்துக்கு, அழுத்திப் பிடித்தாலே போதும் என்று ஒரு மாற்று வையுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான எக்ஸ்பாக்ஸின் அடாப்டிவ் கன்ட்ரோலரில் வெளிப் பட்டன்களைச் செருக 3.5 மி.மீ. துளைகள் 19 உள்ளன, காலால்கூட அழுத்தலாம். ஆனால் நொடிக்கு எட்டு முறை அழுத்து என்று விளையாட்டு கட்டளையிட்டால் அந்தக் கருவியும் உதவாது. மேலும், விரலின் வேகத்தை அளப்பதா உங்கள் புதிரின் சவால்?

சவாலைப் பற்றிய கேள்விக்கு 2018இல் வந்த செலஸ்ட் என்ற விளையாட்டு நல்ல விடை. மிகக் கடினமான அந்த ஆட்டத்தின் அசிஸ்ட் மோட் என்ற உதவி முறையில் வேகத்தைப் பாதி வரை குறைக்கலாம், சாகாமலும் இருக்கலாம். அதனால் அதன் கடினம் என்ற பெயர் கெடவில்லை. ஆனால் அந்த வசதிக்கான அறிமுக வாசகம், முதல்முறை அதில்லாமல் விளையாடுமாறு முதலில் பரிந்துரைத்தது. அப்படி விளையாடவே முடியாதவர்களை அது உறுத்தும் என்பதை உணர்ந்து, உங்கள் தேவைக்கேற்ப விதிகளை மாற்றிக்கொள்ளலாம் என்ற பொருளில் பின்னர் திருத்தினார்கள். உங்கள் மெனுவில் 'எளிய முறை, தொடக்கநிலையினருக்கு' என்று எழுதும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பனைநிழல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. முக்கோணமும் வட்டமும் நேற்றே வரைந்தாயிற்று. சுரங்களை இசையமைப்பவர் இந்த வாரம் பார்க்கிறார். விசைகளின் பெயர்களை நிரலில் எண்ணிப் பார்த்தோம், 37 இடங்களில் நேரடியாக எழுதியிருக்கிறோம். செவிவழி அவர்களே, பேசும் மெனு தயாரானதும் அதைச் சோதித்துத் தர இயலுமா?

செவிவழி எழுதியது:

இயலும். மற்ற சோதனையாளர்களுக்கு என்ன ஊதியமோ அதையே எனக்கும் கொடுங்கள். முழுதாக முடியும்வரை காத்திருக்காமல், மூன்று பட்டன்கள் பேசத் தொடங்கியதுமே அனுப்பிவையுங்கள்.